மலைப் பதிகளின் மொழியும் நமது பள்ளிக்கூடமும்

1960ஆம் ஆண்டில் கோயம்புத்தூர் அரசினர் கலைக் கல்லூரியில் பட்ட வகுப்புப் பாடங்களைத் தமிழிலேயே கற்பிக்கும் முயற்சி தொடங்கப்பெற்றது. அப்பொழுது சென்னை மாநிலத்தின் கல்வி அமைச்சராக இருந்தவர் பொள்ளாச்சிப் பகுதியில் பிறந்த திரு. சி. சுப்பிரமணியம் அவர்கள். அவருக்கு முன்னர், 1946 முதல் 1949 வரை கல்வி அமைச்சராக விளங்கிய திரு. தி. சு. அவினாசிலிங்கம் அவர்கள் தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தோற்றுவித்து, கலைக்களஞ்சியம் என்னும் பெரும்பணிக்கு அடிகோலினார். அதன் பத்துத் தொகுதிகளுக்கும் முதன்மை ஆசிரியராக இருந்து உழைத்தவர் திரு. பெ. தூரன் அவர்கள். மூவரும் கொங்கு நாட்டவர். அந்நிய மொழியில் மனப்பாடம் செய்யும் கல்வி உள்ளத்தில் தங்காது, வீட்டில் பேசும் மொழியில் கற்கும் கல்வியே வேரூன்றும் என்பது அவர்கள் கொண்ட கொள்கை. அக்கொள்கையின் பயனை நமது கிராமங்களின் பிள்ளைகள் இன்று அனுபவித்து வருகின்றனர்.

அதே நியாயம் நமது வயல்களின் எல்லையோடு நின்றுவிடலாகாது என்பதைக் கூறவே இக்கட்டுரையை எழுதுகிறோம். வயலுக்கு அப்பால் மலை இருக்கிறது. மலையில் பதிகள் இருக்கின்றன. அப்பதிகளில் வளரும் குழந்தைகளுக்கும் தாய்மொழி உண்டு. அது பெரும்பாலும் பாடநூலில் உள்ள தமிழ் அன்று.

நமது மலைகளில் வழங்கும் மொழிகள்

கோயம்புத்தூர் மாவட்டத்தின் மேற்கே ஆனைகட்டி, தூமனூர், சேம்புக்கரை, போளுவாம்பட்டி மலையடிவாரம், பில்லூர் அணையை அடுத்த பரளிக்காடு ஆகிய இடங்களில் இருளர் வாழ்கின்றனர். தெற்கே ஆனைமலையில் காடர், முதுவர், மலசர், எரவாளர் ஆகியோர் உள்ளனர். ஈரோடு மாவட்டத்துச் சத்தியமங்கலம் மலைகளில் ஊராளிகளும் சோளகரும் இருக்கின்றனர். 2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பழங்குடி மக்களின் தொகை 7,94,697; அதாவது நூற்றுக்கு ஒருவருக்குச் சற்றே அதிகம். தொகை சிறிதாயினும் அவர்களிடையே வழங்கும் மொழிகள் பல.

இருளர் பேச்சைக் கொச்சைத் தமிழ் என்று நம்மில் பலர் கருதுகின்றனர். அது சரியன்று. ஜெரார்டு டிஃப்லோத் என்னும் அறிஞர் 1968ஆம் ஆண்டிலும், செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில் 1973ஆம் ஆண்டு தொடங்கியும் அம்மொழியை ஆராய்ந்து, அது தமிழுக்கு நெருங்கிய உறவுடைய தனித் திராவிட மொழி என்று எடுத்துக் காட்டியுள்ளனர். நாக்கை வாயின் நடுப்பகுதியில் நிறுத்தி ஒலிக்கும் உயிரொலிகள் இருளத்தில் உண்டு. அவற்றுக்கு நமது எழுத்தில் குறியீடு இல்லை. சோளகரின் மொழி கன்னடத்துக்கு நெருங்கியது. காடர், முதுவர் ஆகியோரின் பேச்சில் தமிழின் கூறும் மலையாளத்தின் கூறும் கலந்து காணப்படுகின்றன. ஒரு மலைத்தொடருக்குள்ளேயே இத்தனை வேறுபாடு இருக்கும்போது, எல்லாப் பதிகளுக்கும் ஒரே ஏற்பாடு பொருந்தும் என்று எண்ணுதல் இயலாது.

முதல் வகுப்பில் நேர்வது என்ன?

இதனை விளங்கிக்கொள்ள நாம் நமது வீட்டிலிருந்தே தொடங்கலாம். கொங்கு நாட்டுக் குழந்தை தாயின் தந்தையை ‘அப்புச்சி’ என்று அழைக்கிறது. வீட்டின் பின்புறம் அதற்குப் ‘பொடக்காலி’. பெருக்கும் பொருள் ‘சீமாறு’. உண்ணும் தட்டு ‘வட்டல்’. பாடநூலில் வருவனவோ தாத்தா, கொல்லைப்புறம், துடைப்பம், தட்டு என்னும் சொற்கள். இந்தச் சிறு இடைவெளியை நமது குழந்தை சில மாதங்களில் கடந்துவிடுகிறது. ஆசிரியரும் பெரும்பாலும் அதே வட்டாரத்தவர். ஆகவே கைகொடுத்துக் கடத்திவிடுகிறார். கொங்குச் சொற்களின் மதிப்பை உணர்ந்து, எழுத்தாளர் பெருமாள்முருகன் ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’ என்றே ஒரு நூல் தொகுத்துள்ளார்.

மலைப் பதியின் குழந்தைக்கோ இடைவெளி சில சொற்களோடு நிற்பதில்லை. ஒலி வேறு, சொல் வேறு, வாக்கியம் முடியும் விதம் வேறு. ஐந்து வயதில் பள்ளிக்கு வரும் அக்குழந்தை இரண்டு வேலைகளை ஒரே சமயத்தில் செய்ய வேண்டியிருக்கிறது. ஒன்று, புதிய மொழியைக் கற்பது. மற்றொன்று, அம்மொழியிலேயே எழுத்தையும் கணக்கையும் கற்பது. கேள்வி விளங்காததால் அது பேசாமல் இருக்கிறது. பேசாமல் இருப்பதனால் மந்தமான பிள்ளை என்று கருதப்படுகிறது. இரண்டு மூன்று ஆண்டுகள் இவ்வாறு கழிந்தபின், பள்ளிக்கு வருவதில் அதற்கு விருப்பம் குறைந்துவிடுகிறது. பிள்ளை பள்ளியை விட்டு நின்றதற்குப் பெற்றோரின் அசிரத்தையே காரணம் என்று நாம் பதிவேட்டில் எழுதிவிடுகிறோம். உண்மையான காரணம் முதல் வகுப்பின் முதல் நாளிலேயே இருக்கக்கூடும்.

மற்றொரு நஷ்டமும் உண்டு. பள்ளி தொலைவில் இருப்பதால் பல குழந்தைகள் ஆறு வயதிலேயே உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்கின்றனர். உணவும் தங்குமிடமும் கிடைப்பது பெரும் நன்மை. ஆயினும், பாட்டனோடு காட்டில் நடந்து மரத்தையும் பறவையையும் பெயர் சொல்லி அறியும் வயது விடுதியில் கழிகிறது. பெரியவர் அறிந்ததைக் கேட்கச் சிறுவர் அருகில் இல்லை. ஒரு தலைமுறை இவ்வாறு கழிந்தால் மொழியும் அதனுள் அடங்கிய அறிவும் ஒருங்கே மறையும்.

மலைமக்களின் அறிவு எத்தகையது?

படிப்பில்லாதவரிடம் என்ன அறிவு இருக்கிறது என்று கேட்போர் இன்றும் உண்டு. அவர்களுக்குச் சில உதாரணங்களைக் கூறுவோம்.

நமது விவசாயிகள் யாவரும் பாம்புக்கடியின் கொடுமையை அறிவர். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சிலிருந்து தயாராகும் முறிவு மருந்தே உயிரைக் காக்கிறது. அம்மருந்துக்கு வேண்டிய நஞ்சைச் சேகரித்துத் தருவதில் முன்னிற்பது, மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். இவர்கள் சமவெளி இருளர். நமது மலை இருளரோடு பெயரால் ஒன்றாயினும் வாழ்விடத்தால் வேறுபட்டவர். தடத்தைக் கண்டு பாம்பின் இனத்தை அறியும் திறமை அவர்களுக்குப் பரம்பரையாக வந்தது. அச்சங்கத்தைச் சேர்ந்த திரு. வடிவேல் கோபால், திரு. மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

ஆனைமலைக் காடர் இருவாச்சிப் பறவையை நன்கு அறிந்தவர். பெண் பறவை மரப்பொந்தினுள் புகுந்து வாயிலை அடைத்துக்கொண்டு அடைகாப்பதும், ஆண் பறவை சிறு துளையின் வழியே இரை ஊட்டுவதும் அவர்களுக்குத் தெரியும். எந்த மரத்தில் கூடு உண்டு என்பதும் அவர்களுக்கு மனப்பாடம். ஆனைமலையை அடுத்துள்ள கேரளத்து வாழச்சால் காட்டில், இவ்வறிவைக் கொண்டே காடர் இருவாச்சிக் கூடுகளைக் கண்காணித்துக் கணக்கெடுத்து வருகின்றனர். டாப்ஸ்லிப்பை அடுத்த கோழிகமுத்தி யானை முகாமில் பாகர்களாகப் பணிபுரியும் மலசர், யானையின் காது அசைவிலிருந்தும் நடையிலிருந்தும் அதன் மனநிலையை அறிவர். யானை தோட்டத்தில் புகுந்து விளைச்சலை அழிப்பதைக் கண்டு வருந்தும் விவசாயிக்கு இவ்வறிவின் அருமையைச் சொல்ல வேண்டுவதில்லை.

தேனை எடுத்துக்கொள்வோம். பாறையில் கட்டும் மலைத்தேன், மரக்கிளையில் கட்டும் கொம்புத்தேன், பொந்தில் கட்டும் அடுக்குத்தேன், கொடுக்கில்லாத சிறு ஈக்கள் சேர்க்கும் கொசுத்தேன் என நான்கு வகையையும் மலைச் சிறுவன் வேறுபடுத்தி அறிவான். எம்மரம் எம்மாதத்தில் பூக்கும், எப்பொழுது கூட்டில் தேன் நிறையும் என்பதெல்லாம் அவனுக்குக் கேள்வி ஞானம். இதுவே உயிரியல், இதுவே பருவநூல். பள்ளிக்கூடம் இதனை ஒரு பாடமாக ஏற்றுக்கொண்டால், வகுப்பில் வாய்மூடி இருந்தவன் முதன்மையாகக் கை உயர்த்துவான்.

சமவெளியில் வாழும் நமக்கும் இதில் பங்குண்டு. காங்கயம் வட்டாரத்து விவசாயிகள் கொரங்காட்டை வளர்த்த முறையைப் பாருங்கள். சுற்றிலும் கிளுவை உயிர்வேலி. நடுவே கொழுக்கட்டைப் புல். ஆங்காங்கே வெள்வேல மரம். மழை குறைந்த நிலத்தில் மாடுகளை மாற்றி மாற்றி மேய்த்துக் காங்கயம் இனத்தைக் காத்த ஏற்பாடு இது. இதனையும் நமது பிள்ளைகள் பள்ளியில் படிப்பதில்லை. மலைக்கு ஒரு நீதி, காட்டுக்கும் தோட்டத்துக்கும் ஒரு நீதி என்று நாம் கேட்கவில்லை. அவ்வவ்வூர் அறிவு அவ்வவ்வூர்ப் பள்ளியில் இடம்பெற வேண்டும் என்பதே கோரிக்கை.

சட்டம் என்ன சொல்கிறது?

இது புதிய சலுகை அன்று. 1956ஆம் ஆண்டில் அரசியலமைப்பில் சேர்க்கப்பெற்ற 350-அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழியில் கற்பிக்கப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்று கூறுகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும், இயன்றவரை குழந்தையின் தாய்மொழியே பயிற்றுமொழியாக இருத்தல் வேண்டும் என்கிறது. தமிழக அரசு 2024–25ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில், தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் ஆகியோரின் மொழி வளங்களையும் ஒலி வடிவங்களையும் ஆவணப்படுத்த 2 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தது. ஐக்கிய நாடுகள் சபை 2022 முதல் 2032 வரையிலான காலத்தைப் பழங்குடி மொழிகளின் பத்தாண்டாகக் குறித்துள்ளது.

ஆவணப்படுத்துதல் அவசியமே. ஆனால் ஒலிநாடாவில் பாதுகாக்கப்பட்ட மொழி வேறு. குழந்தையின் வாயில் வாழும் மொழி வேறு. விதையைப் பெட்டியில் பூட்டி வைப்பதற்கும் நிலத்தில் விதைப்பதற்கும் உள்ள வேற்றுமையை விவசாயிகள் அறிவர்.

பிற இடங்களின் அனுபவம்

ஒடிசா மாநிலத்தில் 2006–07ஆம் ஆண்டில் பத்துப் பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வி தொடங்கப்பெற்று, பின்னர் 21 மொழிகளுக்கு விரிவாக்கப்பட்டது. அங்கே குழந்தை முதலில் தன் மொழியில் படிக்கத் தொடங்கி, படிப்படியாக ஒடியாவுக்கும் ஆங்கிலத்துக்கும் செல்கிறது. நமது அண்டை மாநிலமான கேரளத்தில், வயநாடு மாவட்டத் தொடக்கப் பள்ளிகளில் 2017ஆம் ஆண்டில் ‘கோத்ரபந்து’ என்னும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆசிரியப் பயிற்சி பெற்ற பழங்குடி இளைஞர்களே வகுப்பில் துணையாசிரியராக இருந்து, குழந்தைக்கு அதன் மொழியில் விளக்குவது அத்திட்டத்தின் சாரம்.

கடல் கடந்த நியூசிலாந்தில் மாவோரி மக்கள் 1982ஆம் ஆண்டில் ‘மொழிக் கூடு’ என்னும் பொருளுடைய குழந்தைப் பள்ளிகளைத் தொடங்கினர். மொழி அறிந்த பாட்டிமாரே அங்கே குழந்தைகளோடு பேசிப் பழகினர். ஐந்தே ஆண்டுகளில், 1987இல், மாவோரி அந்நாட்டின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று. இம்முயற்சி பெரிய கட்டடத்திலிருந்து தொடங்கவில்லை. பாட்டியின் மடியிலிருந்து தொடங்கியது.

பெற்றோரின் அச்சம்

‘எங்கள் பிள்ளை காட்டிலேயே இருக்க வேண்டுமா? தமிழும் ஆங்கிலமும் கற்று உத்தியோகத்துக்குச் செல்ல வேண்டாவா?’ என்று மலைப் பதிகளின் பெற்றோரே கேட்பதுண்டு. இது நியாயமான கேள்வி. இதனைப் புறக்கணித்துவிட்டுச் செய்யும் எந்த ஏற்பாடும் நிலைக்காது.

தாய்மொழியில் தொடங்குவது தமிழைக் குறைப்பதற்காக அன்று. தமிழை உறுதியாகக் கற்பிப்பதற்காகவே. ஆற்றைக் கடக்கப் பாலம் வேண்டும். பாலம் கட்டுவதால் அக்கரை தொலைவாகிவிடாது. முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் கதையும் எண்ணும் விளக்கமும் தாய்மொழியில் நிகழட்டும். தமிழ் எழுத்தும் அதனோடு கற்பிக்கப்படட்டும். மூன்றாம் நான்காம் வகுப்பில் பாடம் முழுவதும் தமிழுக்கு மாறட்டும். அதன் பின்னரும் தாய்மொழியில் கதை சொல்லவும் பாட்டுப் பாடவும் வாரம் சில மணி நேரம் இருக்கட்டும். பொருள் விளங்கிப் படித்த பிள்ளை மேல்வகுப்புக்குச் செல்லும். விளங்காமல் எழுத்தை மட்டும் பார்த்து எழுதிய பிள்ளை இடையில் நின்றுவிடும். உத்தியோகத்துக்கு வழி எது என்பதைப் பெற்றோரே தீர்மானிக்கலாம்.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

இனி, மலைப் பதிகளைத் தம் எல்லையில் கொண்ட ஊராட்சிகள் மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் செய்யக்கூடிய காரியங்களைக் கூறுவோம்.

முதலாவது, கணக்கெடுப்பு. ஒவ்வொரு பதியிலும் பள்ளி வயதுக் குழந்தைகள் எத்தனை பேர், வீட்டில் பேசும் மொழி எது, தமிழ் எவ்வளவு விளங்குகிறது என்பதை ஒரு பதிவேட்டில் குறித்தல் வேண்டும். ஆனைகட்டியைப் போன்ற எல்லையோரப் பதிகளில் குழந்தைகள் தமிழும் மலையாளமும் கேட்டே வளர்கின்றனர். உள்மலைப் பதிகளில் நிலைமை வேறு. பதிக்குப் பதி நிலைமை அறிந்தாலன்றித் தக்க ஏற்பாடு செய்ய இயலாது.

இரண்டாவது, பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டத்தின்படி இக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். உள்ளாட்சியின் பிரதிநிதிக்கும் இதில் இடமுண்டு. பதியின் தாய்மார் பெயரளவில் கையொப்பமிட்டுச் செல்லாமல், வாய்திறந்து பேசுமாறு கூட்டத்தை அவர்கள் மொழியிலேயே நடத்தலாம். குழு தயாரிக்கும் பள்ளி வளர்ச்சித் திட்டத்தில் மொழித் துணையாளரின் தேவையை எழுத்து மூலம் சேர்த்தால்தான் அது கல்வித் துறையின் கவனத்துக்குச் செல்லும்.

மூன்றாவது, அங்கன்வாடி. மொழி வேரூன்றும் வயது இரண்டு முதல் ஐந்து. பதியிலேயே பிறந்து வளர்ந்த பெண் அங்கே பணியாளராகவோ உதவியாளராகவோ இருந்தால், பாதி வேலை முடிந்தது எனலாம். பணியிடம் காலியாகும்போது தகுதியுள்ள பெண்கள் விண்ணப்பிக்க உதவுவது ஊராட்சியின் கடமை.

நான்காவது, பெரியவரைப் பள்ளிக்கு அழைத்தல். தேன் எடுப்பவர், மூலிகை அறிந்தவர், சாமையும் ராகியும் விதைப்பவர், குழலும் பறையும் வாசிப்பவர் ஆகியோர் மாதம் ஒரு நாள் வகுப்பில் பேசட்டும். அன்று அவர் இழக்கும் கூலிக்கு ஈடு செய்தல் அவசியம். மரியாதைக்கு ஒரு மாலை போதும் என்று எண்ணலாகாது.

ஐந்தாவது, சொற்படப் புத்தகம். குழந்தைகள் வரையும் படங்களின் கீழே தாய்மொழிச் சொல்லையும் தமிழ்ச் சொல்லையும் எழுதிச் சேர்த்தால் ஓராண்டில் ஒரு நல்ல துணைநூல் உருவாகும். நமது எழுத்தில் இல்லாத ஒலிகளுக்கு என்ன குறி இடுவது என்பதை மொழியறிஞரின் உதவியோடு அம்மக்களே முடிவு செய்யட்டும். 2002ஆம் ஆண்டின் உயிர்ப்பன்மைச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் அமைய வேண்டிய உயிர்ப்பன்மை மேலாண்மைக் குழு, மக்கள் உயிர்ப்பன்மைப் பதிவேடு ஒன்றைத் தயாரித்தல் வேண்டும். அப்பதிவேட்டில் மரம், செடி, பறவைகளின் உள்ளூர்ப் பெயர்களைச் சேர்க்கும் பணியில் மாணவர்களையும் ஈடுபடுத்தினால் ஒரே முயற்சியில் இரு பயன் விளையும்.

ஓர் எச்சரிக்கை

இவற்றைச் செய்யும்போது ஒன்றை மறத்தலாகாது. அறிவுக்கு உரியவர் இருக்கிறார். அகத்தியர் மலையில் வாழும் காணி மக்கள், களைப்புத் தீர உண்ணும் ஆரோக்கியப்பச்சை என்னும் செடியைப் பற்றி 1987ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர்களுக்கு அறிவித்தனர். திருவனந்தபுரத்தை அடுத்த பாலோட்டில் உள்ள தாவரவியல் ஆராய்ச்சி நிலையம் அதிலிருந்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கியது. 1995ஆம் ஆண்டில் அதைத் தயாரிக்கும் உரிமையைப் பெற்றது நமது கோயம்புத்தூரின் ஆர்ய வைத்திய பார்மசி. உரிமத் தொகை 10 லட்ச ரூபாய். அத்தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணி மக்களுக்கு உரியது என ஏற்பாடாயிற்று. அதற்கென அவர்கள் 1997ஆம் ஆண்டில் ஒரு பொறுப்பாண்மைக் குழுவும் அமைத்தனர்.

ஆகவே மூலிகை அறிவையும் காட்டின் இரகசியங்களையும் எழுதி அச்சிடுமுன் பதியின் பெரியவர்களைக் கலந்து, அவர்கள் சம்மதத்தைப் பெறுதல் வேண்டும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பாரம்பரிய அறிவின்மேல் அவர்களுக்குள்ள சமுதாய உரிமையை ஒப்புக்கொள்கிறது. சொல்ல வேண்டாம் என்று அவர்கள் கருதுவதை விட்டுவிட வேண்டும்.

நமது கடமை

சிறுவாணி நீரைக் கோயம்புத்தூர் நகரம் அருந்துகிறது. பவானியும் ஆழியாறும் நமது வயல்களை நனைக்கின்றன. இந்நீர் பிறக்கும் காடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து, அவற்றின் ஊற்றையும் மரத்தையும் பெயர் சொல்லி அறிந்தவர்கள் மலைமக்கள். அப்பெயர்கள் அடுத்த தலைமுறைக்குத் தெரியாமற் போனால், இழப்பு அவர்களோடு நில்லாது.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் தமிழகத்தில் கிராம சபை கூடுகிறது. அடுத்து வரும் கிராம சபையில், சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றோடு இப்பொருளையும் சேர்த்து, பதியின் மக்களைப் பேசச் செய்து, ஒரு தீர்மானம் நிறைவேற்றலாம். அதற்குச் செலவு ஏதும் இல்லை. தமிழுக்காக நமது பெரியோர் அன்று கேட்ட நியாயத்தை, நம் மலைகளின் சின்னஞ்சிறு மொழிகளுக்காக இன்று நாம் கேட்பது முறையே ஆகும்.